பிராது கொடுத்தவள் உட்காரக் கூடாது

1

ஊரிலிருந்து தம்பி எழுதியிருக்கிறான். நான் சிங்கப்பூர்ச் சட்டமன்றத்துக்குள் புகுந்து ஒரு மந்திரியை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டேனாம். பதில் சொல்ல முடியாமல் மந்திரி தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். இங்கிருந்து கப்பலில் திரும்பிய யாரோ ஒருவர் மாயவரம் கடைத்தெருவில் இதைச் சொல்ல, அது இரண்டு தெரு சுற்றி என் புகுந்த வீட்டையும் எட்டியிருக்கிறது. "அவ புருஷன் கவர்ன்மெண்டு சம்பளம் வாங்குறான். இவ கவர்ன்மெண்டையே எதிர்க்கிறாளா?" என்று என் மாமியார் கேட்டாராம். தம்பி கடிதத்தின் கடைசியில், "அக்கா, நிஜமாகவே தண்ணீர் குடித்தாரா?" என்று எழுதியிருக்கிறான்.

குடிக்கவில்லை. நான் மந்திரியிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. பார்வையாளர் மாடத்தில் இருப்பவர்கள் பேசக் கூடாது என்பது அங்கே விதி. நான் எழுந்து நின்றேன், அவ்வளவே. அதுவும் எனக்கு முன்னால் வேறொருத்தி நின்றபிறகு.

எதையும் செய்யுமுன் மூன்று தடவை யோசிப்பதும், செய்தபிறகு முப்பது தடவை யோசிப்பதும் என் சுபாவம். இந்த ஒரு காரியத்தைப் பற்றி நாலு வருஷமாக யோசித்துப் பார்த்தாயிற்று. இப்போது அந்த அவைக்குச் சட்டமன்றம் என்ற பெயர் போய் நாடாளுமன்றம் என்று ஆகிவிட்டது. கொடி மாறியது, நாடு மாறியது, கட்டடம் அதேதான். நான் நின்றது சரிதான் என்ற எண்ணமும் மாறவில்லை. கடைத்தெருக் கதையை விட நடந்த கதை நன்றாகவே இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

2

அப்போது எங்களுக்கு ஃபேரர் பார்க் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். பெரியவளுக்கு நாலு வயது, சின்னவன் கைக்குழந்தை. இவர், என் வீட்டுக்காரர், ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. கூடத்துக்கு எதிர்ப்பக்க அறையில் செல்லாயி அக்கா குடும்பம். அக்காவின் கணவர் அரசாங்கப் பண்டகசாலை ஒன்றில் நிரந்தர வேலையில் இருந்தவர். நிரந்தர வேலை என்பதால், அவருக்குப்பின் மனைவிக்குப் பென்ஷன் வரும் என்று சொல்லி மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு நாள் வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் போய்விட்டார். அவர்களுக்கு ஒரே பெண், கமலா. பதினாலு வயது, இங்கேயே பிறந்தவள்.

அக்காவின் ஊர்ப்பக்கம் ஒரு வழக்கம். கணவன் இறந்தால் வருஷம் திரும்பும்வரை அவள் வாசற்படி தாண்டக் கூடாது. வருஷ திவசம் முடிந்து, பிறந்த வீட்டார் வந்து கோயிலுக்கு அழைத்துப்போன பிறகுதான் தெருவில் நடக்கலாம். எங்கள் வீட்டுப் பெண்களையும் இப்படி மூலையில் உட்காரவைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த வயதிலேயே எனக்கு அது பிடிக்காது. ஆனால் செல்லாயி அக்கா அதை யார் சொல்லியும் செய்யவில்லை. சிங்கப்பூரில் அவரை யார் தடுக்கப் போகிறார்கள்? பத்தடி அறையில் அவராகவே ஒரு மூலையைத் தேர்ந்துகொண்டார். கமலா பள்ளிக்கூடம் போய்வந்து கடைக்கும் போய்வந்தாள். தண்ணீர்க் குழாய்க்கு நான் போய்வந்தேன்.

வருஷம் முடிந்தது. பிறந்த வீடு கடலுக்கு அப்பால். "நீ வந்து அழைச்சிட்டுப் போறியா தங்கச்சி?" என்று கேட்டார். அவரைச் சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அன்றிலிருந்து நான் அவருக்குப் பிறந்த வீடு.

மறுநாள் பென்ஷன் விஷயமாக இலாகாவுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த குமாஸ்தா நம்மவர். காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"புருஷன் தவறி ஆறு மாசத்துக்குள்ள நேர்ல வந்து ரேகை வச்சிருக்கணும்மா. இப்ப வருஷமே தாண்டிருச்சு. டைம் முடிஞ்சுபோச்சு."

"இவங்க எப்படிங்க வெளிய வந்திருக்க முடியும்? துக்கத்துல இருந்தாங்க. உங்களுக்கே தெரியாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வோடு சொன்னார். "எனக்குத் தெரியும்மா. ரூலுக்குத் தெரியாது லா."

அக்காவின் கொழுந்தனார் துறைமுகத்தில் வேலை செய்பவர், ஐந்து பிள்ளைக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அன்று மாலை வந்து கூடத்தில் நின்றபடியே சொன்னார்: "மதினி, எத்தனை நாளைக்குத்தான் நான் ரெண்டு வீட்டைப் பாக்குறது? தீபாவளி கழிச்சு வர்ற கப்பல்ல ஏத்திவிட்டுர்றேன். ஊர்ல கஞ்சியோ கூழோ, நாலு பேரு இருக்காங்க."

அவர் போனபிறகு அக்கா என் அறைக்கு வந்தார். "நாலு பேரு யாருன்னு கேட்டியா தங்கச்சி? எங்க ஆத்தாவும் இல்ல, அப்பனும் இல்ல. இங்க இருந்தா கமலா படிப்பா. அங்க கொண்டுபோனா ஒரு வருஷத்துல யாருக்காச்சும் கட்டி வச்சிருவாக. என் கதை போகட்டும். அந்தப் பிள்ளையை நான் எப்படிக் கப்பல்ல ஏத்துவேன்?"

பென்ஷன் வந்தால் இருவரும் இங்கே இருக்கலாம், வராவிட்டால் தீபாவளிக்குப் பிறகு கப்பல். இதுதான் நிலைமை.

3

எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஒரு சீனர், இளம் வக்கீல். வாரத்தில் ஒரு மாலை ஒரு காப்பிக்கடையின் பின்பகுதியில் மேசை போட்டு உட்கார்ந்து தொகுதிக்காரர்களின் குறைகளைக் கேட்பார். நம் ஊரில் சட்டசபை அங்கத்தினரைப் பார்க்க வேண்டுமென்றால் அவருக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவரைப் பிடிக்க வேண்டும். இங்கே வரிசையில் நின்றால் போதும். அக்காவையும் அழைத்துக்கொண்டு போய் நின்றேன். சின்னவனுக்கு அன்று லேசாக ஜுரம். கதீஜா என்ற அடுத்த வீட்டு மலாய்ப் பெண்மணியிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். வரிசை நகர நகர, திரும்பிப் போய்விடலாமா என்றும், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்றும் மாறிமாறித் தோன்றிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டார்: "இவர் வீட்டிலிருந்து இலாகாவுக்குப் பஸ்ஸில் அரைமணி நேரம். ஆறு மாதத்தில் ஒரு நாள் போக முடியவில்லையா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் எனக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. எனக்கே பிடிக்காத ஒரு வழக்கத்தை, அதில் நம்பிக்கை இருப்பவள்போல் ஓர் அந்நியரிடம் விளக்க வேண்டும். விளக்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க அப்பா செத்தப்போ எங்க அம்மா நூறு நாள் எந்த வீட்டுக்கும் போகல. போனாலும் யாரும் உள்ளே விடமாட்டாங்க. துக்கம் ஒட்டிக்குமாம்" என்றார். பிறகு சிரித்தார். "அந்த விதியை எழுதினவருக்கு அம்மா இல்லைபோல."

இலாகாவுக்குத் தனிக் கடிதம் எழுதினால் அதே விதியைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள், அதனால் சட்டமன்றத்தில் கேள்வியாகப் போடப்போகிறேன் என்றார். இதை நம் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அவை கூடும் நாட்களில் முதலில் ஒரு மணிநேரம் கேள்விகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். உறுப்பினர்கள் முன்னதாகவே கேள்வியை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு மந்திரி எழுந்து எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லியாக வேண்டும். பதில் போதாது என்றால், கேட்டவர் மேலே துணைக் கேள்வி கேட்கலாம். அரசாங்கம் மழை மாதிரி, பெய்தால் பெய்யும், காய்ந்தால் காயும் என்றே வளர்ந்தவள் நான். அதைக் கூப்பிட்டு நிறுத்தி 'ஏன்' என்று கேட்பதற்கு ஒரு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது இவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.

"சாரதா, நான் வேலை பார்க்கிறது யாருகிட்டன்னு ஞாபகம் இருக்கா?"

"உங்க பேரு வராதுங்க. அக்கா பேருகூட வராதாம்."

"பேரு வராமலே ஊருக்கெல்லாம் தெரியற விஷயம் எத்தனை இருக்கு."

அன்று வீட்டுக்கு வந்திருந்த இவருடைய நண்பர் ஒருவர் சீர்திருத்தக்காரர், மேடைகளில் பேசுபவர். அவருக்கு என்மேல் வேறு கோபம். "படிச்ச பொண்ணு நீங்க. புருஷன் செத்தா மூலையில உக்காருற மூடப்பழக்கத்தை நாலு ஜாதிக்காரனும் இருக்கிற சபையில போய்ச் சொல்லி நம்ம மானத்தை வாங்கணுமா? வந்து ரேகை வச்சிருக்கலாம்ல?" என்றார்.

விருந்தாளிக்கு எதிர்வார்த்தை பேசிப் பழக்கமில்லாதவள் நான். அன்று பேசிவிட்டேன். "அவங்க மூலையில உக்காந்தது சரியா தப்பான்னு நாம நம்ம வீட்டுக்குள்ள சண்டை போடலாங்க. உங்க பக்கம் முதல் ஆளா நானே வர்றேன். ஆனா பென்ஷன், அவங்க வீட்டுக்காரர் சம்பளத்துல பிடிச்சது. மூடப்பழக்கம் உள்ளவங்க சம்பளத்துல பிடிக்க மாட்டோம்னு அப்ப யாரும் சொல்லலையே?"

நண்பர் இவரைப் பார்த்தார். இவர் ரசத்தைப் பார்த்தார். நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

4

உறுப்பினர் எங்கள் இருவருக்கும் பார்வையாளர் சீட்டு அனுப்பியிருந்தார். மத்தியான நேரம். சின்னவனுக்குப் பால் கொடுத்து, கதீஜாவிடம் விட்டு, பெரியவளிடம் பத்துத் தடவை புத்தி சொல்லி, ஆற்றங்கரைப் பக்கத்து அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேரும்போது என் ரவிக்கை வேர்வையில் நனைந்துவிட்டது. அக்கா வெள்ளைப் புடவையில், கஞ்சி போட்டுத் தேய்த்ததுபோல் நிமிர்ந்து நடந்துவந்தார்.

மாடத்தில் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி, குட்டையான கம்பியோடு. உறுப்பினர்கள் எந்த மொழியில் பேசினாலும் அதில் தமிழில் கேட்கலாம். நான் அக்காவுக்கு மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர் என் முழங்கையை இடித்தார்.

"மந்திரி சீனருன்னியே. என்ன சுத்தமா தமிழ் பேசுறாரு!"

"அது அவர் குரல் இல்லக்கா. உள்ளே ஓர் அறையில உக்காந்து ஒருத்தர் தமிழாக்கிச் சொல்றாரு."

"அதான பாத்தேன். வாய் ஒண்ணு சொல்லுது, சத்தம் ஒண்ணு சொல்லுது."

நாங்கள் போனபோது வேறொரு கேள்வி நடந்துகொண்டிருந்தது. தொழிலாளர்களிடம் மாதச் சந்தா வாங்கிக்கொண்டு காணாமற்போகும் சின்னச் சின்னக் காப்பீட்டுக் கம்பெனிகளை அரசாங்கம் எப்படிக் கண்காணிக்கிறது, அதற்குச் சட்டம் உண்டா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சட்டம் பரிசீலனையில் இருக்கிறது என்றார் மந்திரி. எப்போதிலிருந்து பரிசீலனையில் இருக்கிறது என்றார் உறுப்பினர். உரிய காலத்தில் முடியும் என்றார் மந்திரி. உரிய காலம் என்றால் கம்பெனி ஓடுவதற்கு முன்பா பின்பா என்றார் உறுப்பினர். கீழே சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. "இவரும் அந்தக் கவுண்டர்ல இருந்த ஐயா மாதிரியே பேசுறாரு தங்கச்சி" என்றார்.

சபாநாயகர் அடுத்த கேள்வியின் எண்ணைச் சொன்னார். எங்கள் உறுப்பினர் எழுந்தார். "இதுதான் நம்மளோடதுக்கா" என்று காதோடு சொன்னேன்.

உடனே அக்கா எழுந்து நின்றார். காதுக் கருவியின் கம்பி எட்டாமல் அது கழன்று நாற்காலியில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, கைகளைக் குவித்து, கீழே மந்திரி இருந்த திசையைப் பார்த்து நின்றார்.

புடவையைப் பிடித்து இழுத்தேன். "உக்காருங்கக்கா. இங்க நிக்கக் கூடாது."

"நம்ம வழக்கைப் பேசுறாக. நான் எப்படி உக்காருறது?"

மாடத்துக் காவலர் வந்தார். வெள்ளைச் சீருடை போட்ட வயதான மலாய்க்காரர். "டுடோக், மாச்சி" என்று மெதுவாகச் சொன்னார். உட்காருங்கள் அம்மா என்று அர்த்தம். சந்தையிலும் பஸ்ஸிலும் கேட்டுக் கேட்டு அக்காவுக்கும் அந்த மலாய் தெரியும். அவர் தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று.

என்னிடம் குனிந்து சொன்னார்: "எங்க ஊர்ல கூட்டம் கூடுனா பிராது கொடுத்தவ நிக்கணும் தங்கச்சி. தீர்ப்புச் சொல்ற வரைக்கும் நிக்கணும். நடுவுல உக்காந்தா, எனக்கு ஒண்ணும் வேண்டாம், விட்டுட்டேன்னு அர்த்தம். எங்க மாமன் ஒருத்தரு கால் வலிக்குதுன்னு உக்காந்துட்டு வயக்காட்டையே விட்டாரு."

அந்தச் சபைக்கு இந்த வழக்கம் தெரியாது, இங்கே உட்கார்ந்தால் எதுவும் போய்விடாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கீழே மந்திரி பதில் சொல்லத் தொடங்கியிருந்தார். என் காதில் தமிழ் ஓடிக்கொண்டிருந்தது: காலவரம்பு இல்லாமல் எந்தப் பென்ஷன் திட்டமும் நடக்காது, பொய்க் கோரிக்கைகளைத் தடுக்க நேரில் வருவது அவசியம், இந்த விதியால் எந்த விதவையும் பாதிக்கப்பட்டதாக இலாகாவின் பார்வைக்கு வரவில்லை.

இலாகாவின் பார்வைக்கு வரவில்லை. அக்கா அவர் கண்ணுக்கு நேரே நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் உறுப்பினர் மேலே மாடத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டார். துணைக் கேள்வி கேட்டார்: "அப்படிப் பாதிக்கப்பட்ட ஒருவர் இப்போது இந்தக் கூரையின் கீழேயே நிற்கிறார் என்றால் மந்திரி என்ன சொல்வார்?"

சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். மாடத்தில் இருப்பவர்களை உறுப்பினர்கள் குறிப்பிடக் கூடாது, அவையைப் பொறுத்தவரை அங்கே யாரும் இல்லை என்று நினைவூட்டினார். அது பழைய மரபாம். நியாயமான காரணமும் இருக்கலாம். ஆனால் அந்தத் தமிழ்க் குரல் "அங்கே யாரும் இல்லை" என்று என் காதுக்குள் அமைதியாகச் சொன்னபோது எனக்குள் ஏதோ மளுக்கென்றது.

காவலர் திரும்ப வந்தார். இம்முறை முகம் இறுகியிருந்தது. உட்கார வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும் என்று கையால் காட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் நான் யோசித்ததையெல்லாம் எழுதினால் பக்கங்கள் போதாது. இவருடைய வேலை, இவருடைய மேலதிகாரி, சின்னவனின் பசி, மாமியாருக்குத் தெரிந்தால் என்னவாகும் என்பதுகூட வந்துபோனது. காதுக் கருவியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து அக்காவின் பக்கத்தில் நின்றேன்.

காவலரிடம் கிசுகிசுப்பாக, தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன்: "கீழே பேசுறது இவங்க வழக்கு. எங்க வழக்கப்படி இவங்க நிக்கணும். வெளியே அனுப்பினா நானும் போறேன். ஆனா தீர்ப்பு வரைக்கும் உக்கார மாட்டோம்."

அவர் எங்களை மாறிமாறிப் பார்த்தார். கீழே பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் மாடத்தின் கடைசிச் சுவரைக் காட்டினார். காவலர்கள் சாய்ந்து நிற்கும் இடம் அது. "அது நாங்க நிக்கிற இடம்" என்றார். "நிக்கிறதுன்னா அங்க நில்லுங்க. சத்தம் கூடாது."

நாங்கள் போய்ச் சுவரோரம் நின்றோம். அங்கே காதுக் கருவி கிடையாது. கீழே ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்டு அக்காவின் காதில் நான் தமிழில் சொன்னேன். உள்ளறையில் இருந்தவர் அளவுக்கு எனக்குத் தமிழாக்கத் தெரியாது. "கேக்குறாரு... நேர்ல வராட்டா என்ன, வீட்டுக்கே ஆள் அனுப்பலாமேன்னு கேக்குறாரு... மந்திரி முடியாதுங்குறாரு... இல்ல, முடியாதுங்கல, ஆள் பத்தாதுங்குறாரு... சரியான காரணம் இருந்தா தனித்தனியா பாக்குறேங்குறாரு." காவலர் எங்களுக்குப் பக்கத்திலேயே முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றார். நான்காவது ஆளாகத் தூண் ஒன்று நின்றது. இதுதான் மாயவரம் கடைத்தெருவில் மந்திரியை மடக்கியதாகச் சொல்லப்படும் காட்சி.

கேள்வி முடிந்து வேறு கேள்வி வந்தது. "தீர்ப்பு என்ன தங்கச்சி?" என்றார் அக்கா.

"பரிசீலிக்கிறாங்களாம்."

"அப்படின்னா?"

"யோசிக்கிறாங்க."

"யோசிக்கட்டும். நான் உக்காரலேல்ல?"

5

அன்று மாலை இவர் வீட்டுக்கு வரும்போதே விஷயம் தெரிந்திருந்தது. பேரு வராமலே தெரிந்துவிடும் என்று சொன்னவர் அவர்தானே.

"எழுந்து நின்னியா?"

"நின்னேன்."

"அவங்க நின்னாங்க, சரி. படிக்காதவங்க. நீ ஏன் நின்னே?"

மத்தியானம் முழுவதும் இதற்கு ஒரு நல்ல பதில் தயாரித்து வைத்திருந்தேன். வாய்க்கு வந்தது வேறு. "அவங்களுக்குப் பிறந்த வீட்டிலேர்ந்து யாரும் வரலீங்க" என்றேன். இவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அவருடைய அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு மாதம்வரை அவர் சட்டையைக் கழற்றும் விதத்தை வைத்தே அன்றைய நாள் எப்படி என்று கணித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இலாகாவிலிருந்து பதில் வந்தது. காரணத்தை ஏற்றுக்கொள்வதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று சமூகத்தில் மதிப்புள்ள இருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெண்கள் கையெழுத்துச் செல்லுமா என்று கேட்டேன். செல்லாது என்று அதில் எழுதவில்லை, ஆனால் ஆண்களாக இருப்பது நல்லது என்றார் கவுண்டரில் இருந்த குமாஸ்தா.

பெரிய மனிதர்கள் இருவர் வீட்டுக்குப் போனோம். ஒருவருக்கு அவசர வேலை வந்தது. இன்னொருவர், "அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிற விஷயம் பாருங்க" என்று இழுத்தார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. கொழுந்தனார் கப்பல் கம்பெனிக்குப் போய் விசாரித்துவிட்டும் வந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முகச்சவரம் செய்துகொண்டிருந்த இவர் திடீரென்று, "அந்தக் காகிதத்தைக் கொண்டா" என்றார்.

"எந்தக் காகிதம்?"

"வழக்கம் உண்டா இல்லையான்னு கேட்டிருக்கானே, அது. எங்க பெரியம்மா ஒரு வருஷம் படி தாண்டல. நான் கண்ணால பாத்தேன். பாத்ததை எழுதறதுக்கு என்ன பயம்?" கன்னத்தில் சோப்பு நுரையோடேயே எழுதினார். அரசாங்கக் குமாஸ்தாவின் அழகான கையெழுத்து. நான் பேனாவைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். என் பயம் அப்படிப்பட்டது.

இரண்டாவது கையெழுத்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தன் இலாகாவுக்குத் தானே சாட்சி சொல்ல முடியாத அந்தக் கவுண்டர் குமாஸ்தா, பள்ளி ஆசிரியரான தன் அண்ணனை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். அண்ணன் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே, "தம்பி ரூலுக்குத் தெரியாதுன்னு சொன்னானாமே. நான் தெரியப்படுத்த வந்திருக்கேன்" என்றார்.

பென்ஷன் கைக்கு வந்த நாள் அக்காவுடன் நானும் போனேன். கவுண்டருக்கு எதிரே நாற்காலி இருந்தது. "உக்காருங்கம்மா, நேரமாகும் லா" என்றார் குமாஸ்தா. அக்கா நின்றார். காகிதம் உள்ளே போனது, நின்றார். வேறோர் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார், நின்றார். ரேகை வைக்கச் சொன்னார்கள், வைத்தார். உறை கைக்கு வந்தது. அதை இடுப்பில் செருகினார். பிறகு அந்த நாற்காலியை இழுத்து, புடவையை ஒதுக்கி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "இப்ப ஒரு தேத்தண்ணி கிடைக்குமா தங்கச்சி?" என்றார்.

கமலா இப்போது ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறாள். கப்பலில் கொழுந்தனார் மட்டும் ஒரு தடவை ஊருக்குப் போய்வந்தார். கடைத்தெருக் கதையை மாயவரத்தில் விதைத்தவர் அவர்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

6

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

அக்காவுக்குக் கொடுத்தது விலக்கு. விதி அப்படியே இருக்கிறது. சபையின் பெயர் மாறியபோதும், நாட்டின் பெயர் மாறியபோதும் அந்தக் காலவரம்பை ஒருவரும் தொடவில்லை. போன மாதம் புக்கிட் பாஞ்சாங்கில், கம்பம் என்று இங்கே சொல்லும் கிராமத்துக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குப் போனேன். பலகைச் சுவர், தகரக் கூரை. அதே இலாகாவில் வேலை பார்த்தவரின் மனைவி, என்னைவிட இளையவள், உள்ளே மூலையில் இருக்கிறாள். கணவன் போய் இது நாலாம் மாதம். ஆறு மாதக் கணக்கைச் சொன்னேன். அவளுடைய மாமியார் என்னை முறைத்தார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவருக்கு நான் செய்யறது இது ஒண்ணுதான் அக்கா. இதையும் விடச் சொல்றீங்களா?"

வெளியே வா என்று நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டுமா? பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். இன்னும் யோசிக்கிறேன். அவளை வெளியே வரச் சொல்வது ஒரு வேலை. அது நம் வீட்டு வேலை, மெதுவாக நடக்கும், நானும் செய்வேன். ஆனால் அவள் வராததால் அவள் கணவனின் உழைப்பை விழுங்கிக்கொள்வது வேறு. அதற்கு நம் வழக்கத்தைக் காரணம் காட்ட நான் விடமாட்டேன்.

எங்கள் உறுப்பினர் மறுபடியும் கேள்வி கொடுத்திருக்கிறார். இம்முறை விலக்கு கேட்கவில்லை, விதியையே மாற்றச் சொல்லி. வரும் கூட்டத்தில் வருகிறது. குழந்தைகளைத் தான் பார்த்துக்கொள்வதாக இவர் சொல்லிவிட்டார். அன்று கைக்குழந்தையாக இருந்த சின்னவன் இப்போது கதீஜா வீட்டிலேயே பாதி நாள் இருந்து வளர்ந்தவன். நான் புடவையை எடுத்துவைப்பதைப் பார்த்து "பிகி மானா, அம்மா?" என்கிறான். எங்கே போகிறாய் என்று தாயிடம் மலாயில் கேட்கிறான். இதற்கும் ஒரு நாள் உட்கார்ந்து கவலைப்பட வேண்டும்.

"நிக்கப் போறேன்டா" என்றேன்.

செல்லாயி அக்காவும் வருகிறார். அவர் வழக்கு முடிந்துவிட்டதால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, சுத்தத் தமிழில் கேட்பாராம். மூலையில் இருப்பவளுக்குப் பதிலாக நான் நிற்க வேண்டும். தம்பி, மாமியாரிடம் சொல்லிவிடு. மந்திரி இந்தத் தடவையும் தண்ணீர் குடிக்காமல் போகலாம். ஆனால் அந்தப் பின்சுவரோரம் எனக்கு இடம் இருக்கிறது, காவலரும் அதே காவலர்தான்.